பதின்வயதுப் பிள்ளைக்கு மியூசிக் பிளேயர் வாங்கும் முன்

அக்கா மகளுக்கு 13 வயது நிறைந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாட்டு கேட்க ஒரு தனிப் பிளேயர். கைபேசி வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்றாள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். உள்ளங்கையில் அடங்குகிற, பட்டன் வைத்த, சின்னத் திரை உள்ள ஒரு பிளேயரை வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்தாள், இயர்போனைச் செருகினாள், பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து கேட்டாள்: “சித்தி, என் பாட்டெல்லாம் இதுக்குள்ள எப்படி வரும்?”

அவள் ‘என் பாட்டு’ என்று சொன்னது முழுக்க அக்காவின் கைபேசியில், ஒரு ஸ்ட்ரீமிங் செயலிக்குள் இருந்தது. இரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல். அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட இந்தப் பிளேயருக்கு மாற்ற வழியில்லை. கேபிளைப் போட்டு, ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் முகம் வாடிப்போனது. பிளேயரில் ஒரு குறையும் இல்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளையின் பாட்டு இப்போது எங்கே இருக்கிறது? இதுதான் அந்தக் கேள்வி. எந்த நிறுவனம், எத்தனை ஜிபி, திரை எவ்வளவு பெரிது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கடையில் இருக்கும் பிளேயர்களில் பாதி தானாகவே விலகிவிடும்.

கோப்பும் வாடகையும்

ஒரு பாட்டு நம்மிடம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, கோப்பாக. கணினியிலோ மெமரி கார்டிலோ ஒரு ஃபைலாகக் கிடக்கும். அதைக் காப்பி எடுக்கலாம், வேறு கருவியில் போடலாம், பத்து வருஷம் கழித்தும் கேட்கலாம். இன்னொன்று, வாடகைக்கு. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் போன்றவை அப்படித்தான். சந்தா இருக்கும் வரை கேட்கலாம். பாட்டின் உரிமையாளர் அதை அந்தச் சேவையிலிருந்து எடுத்துவிட்டால் நம் பட்டியலிலிருந்தும் போய்விடும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இந்தச் செயலிகளிலும் ‘டவுன்லோடு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இணையம் இல்லாதபோதும் பாட்டு ஓடும். அதனால் பாட்டு நம் கைக்கு வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் வந்திருப்பது பூட்டிய பெட்டி. சாவி அந்தச் செயலியிடம் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்து வேறு பிளேயரில் போட்டாலும் அது வெறும் குப்பை எழுத்தாகத்தான் இருக்கும். ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைத்த பாட்டுகள் தொடர்ந்து ஓட வேண்டுமானால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். சந்தா உயிரோடு இருக்கிறதா என்று செயலி அப்போது சரிபார்த்துக்கொள்ளும்.

ஆக, பிள்ளை கேட்பதெல்லாம் ஸ்ட்ரீமிங் செயலியில்தான் என்றால், கோப்புகளை மட்டும் வாசிக்கும் பட்டன் பிளேயர் முதல் நாளிலேயே ஏமாற்றம் தரும். அந்தச் செயலியையே நிறுவிக்கொள்ளக்கூடிய, வைஃபை உள்ள ஆண்ட்ராய்டு பிளேயர் தேவைப்படும். மாறாக வீட்டில் சிடிக்கள் இருக்கின்றன, காசு கொடுத்து வாங்கிய கோப்புகள் இருக்கின்றன, அல்லது இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கப் பிள்ளைக்கு ஆசை இருக்கிறது என்றால் பட்டன் பிளேயரைப் போல எளிமையான பொருள் வேறில்லை.

ஆண்ட்ராய்டு பிளேயர் என்றதும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அது சிம் கார்டு இல்லாத கைபேசி. செயலிக் கடை இருந்தால் பாட்டுச் செயலி மட்டுமா வரும்? வீடியோ, விளையாட்டு, அரட்டை எல்லாம் வரும். ‘கைபேசியின் தொல்லை இல்லாமல் பாட்டு கேட்கட்டும்’ என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதை வாங்கினால் நினைத்ததற்கு நேர் எதிரான பொருளைக் கையில் கொடுத்ததாக ஆகும். பெற்றோர் கட்டுப்பாடுகளை அமைக்கலாம்தான், ஆனால் அது தனி வேலை. பழைய ஆண்ட்ராய்டு பதிப்போடு வரும் மலிவான பிளேயர்களில் இன்னொரு சிக்கல்: ஸ்ட்ரீமிங் செயலிகள் காலப்போக்கில் பழைய பதிப்புகளைக் கைவிட்டுவிடும். அதனால் எந்தப் பதிப்பு ஓடுகிறது, பிள்ளை பயன்படுத்தும் செயலி அதில் நிறுவப்படுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

ஸ்ட்ரீமிங்தான் வேண்டும் என்றால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கைபேசியையும் யோசிக்கலாம். சிம்மை எடுத்துவிட்டு, தேவையில்லாத செயலிகளை நீக்கிவிட்டு, பாட்டுச் செயலியை மட்டும் வைத்துக் கொடுத்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மின்கலம் தளர்ந்திருக்கும் என்பதுதான் குறை. ஒரு மாதம் இப்படிப் பழகிப் பார்த்தால் பிள்ளைக்கு உண்மையில் என்ன தேவை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்துவிடும்.

கோப்புகள் எங்கிருந்து வரும்?

பட்டன் பிளேயர் என்று முடிவாகிவிட்டால் அடுத்த கவலை இது. நேர்மையான வழிகள் நிறையவே இருக்கின்றன. சிடி இருந்தால் கணினியில் சிடி டிரைவ் வைத்து பாட்டுகளைக் கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு சிடிக்குச் சில நிமிடம்தான் ஆகும். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் வாங்கும் பாட்டுகளுக்கு 2009 முதல் பூட்டு இல்லை. அவை ஏஏசி என்ற வகையில் வரும், பெரும்பாலான பிளேயர்களில் ஓடும். பேண்ட்கேம்ப், கோபஸ் போன்ற தளங்களிலும் பூட்டில்லாத கோப்புகளை வாங்கலாம். பேண்ட்கேம்பில் எம்பி3, ஃபிளாக் என்று எந்த வகையில் வேண்டுமோ அதில் இறக்கிக்கொள்ளலாம். பாடகர்களே இலவசமாகக் கொடுக்கும் பாட்டுகளும் அங்கே உண்டு.

கண்ட தளங்களிலிருந்து இறக்கிக்கொள்ளும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வைரஸ் தொல்லை ஒரு பக்கம். அதைவிட, அந்தப் பாட்டை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு காசும் போகாது. மாதம் ஒரு ஆல்பம் என்று பிள்ளையே தேர்ந்தெடுத்து வாங்கட்டும். காசு கொடுத்து வாங்கிய ஆல்பத்தைக் குழந்தைகள் முதலிலிருந்து கடைசி வரை கேட்கிறார்கள். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிளேயருக்குள் என்ன நடக்கிறது?

கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்த்தால் விளம்பர அட்டையில் இருக்கும் எண்களைப் பார்த்து மிரள வேண்டியிருக்காது.

ஒலி என்பது காற்றில் வரும் அதிர்வு. டிஜிட்டல் பதிவு அந்த அதிர்வை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. சிடியில் நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு அளவும் 16 பிட் எண், இடது வலது என இரண்டு தடங்கள். மனிதக் காது அதிகபட்சம் நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அளக்கும் வேகம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் அந்த எல்லைக்குள் உள்ள ஒலி முழுவதையும் மீட்டெடுக்கலாம் என்பது கணித உண்மை. 44,100 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான்.

இப்படி எழுதினால் ஒரு நிமிடப் பாட்டுக்கே ஏறக்குறைய 10 எம்பி பிடிக்கும். அதைச் சுருக்கத்தான் எம்பி3 வந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பலமான ஒரு ஒலி வரும்போது அதன் பக்கத்திலேயே வரும் மெல்லிய ஒலி நம் காதுக்கு எட்டாது. எட்டாததை ஏன் சேமிக்க வேண்டும்? அப்படிப்பட்ட பகுதிகளைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வதுதான் எம்பி3யின் உத்தி. ஏஏசியும் அதே வழியில் இன்னும் திறமையாகச் செய்கிறது. ஃபிளாக் வேறு மாதிரி. அது எதையும் கழிக்காமல், புடவையை மடித்து வைப்பதுபோல இடத்தை மட்டும் குறைக்கும். விரித்தால் முழுப் புடவையும் அப்படியே இருக்கும்.

பாட்டு ஓடும்போது பிளேயர் இந்தச் சுருக்கத்தைப் பிரித்து, எண்களை மின்சார அலையாக மாற்றி, அதைப் பெருக்கி இயர்போனுக்கு அனுப்புகிறது. எண்ணை அலையாக மாற்றும் பகுதியை டிஏசி என்பார்கள். விலை கூடிய பிளேயர்களின் விளம்பரம் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் இருக்கும். பிள்ளைக்கு வாங்கும்போது இதற்காக அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நல்ல நிறுவனத்தின் அடிப்படை மாடலில் இருக்கும் டிஏசியே சாதாரண இயர்போனுக்குப் போதும். மிச்சமாகும் பணத்தை இயர்போனில் போடுங்கள், வித்தியாசம் உடனே காதில் விழும்.

‘ஹை-ரெஸ்’ என்ற முத்திரையும் அப்படித்தான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும், அதாவது நொடிக்கு 96,000 அளவு, ஒவ்வொன்றும் 24 பிட் எண். ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு அது பயன்படும். கேட்கிறவருக்கு, நல்ல 320 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு) எம்பி3யையோ 256 கேபிபிஎஸ் ஏஏசியையோ சிடியிலிருந்து பிரித்துச் சொல்வதே பெரும்பாடு. சந்தேகம் இருந்தால் வீட்டில் சோதித்துப் பாருங்கள். ஒரே பாட்டை சிடியிலிருந்து ஃபிளாக்காகவும் 320 எம்பி3யாகவும் மாற்றிக்கொண்டு, எது எது என்று தெரியாமல் பத்து முறை மாற்றி மாற்றிக் கேட்டு, எத்தனை முறை சரியாகச் சொல்கிறீர்கள் என்று எண்ணுங்கள். நான் செய்தேன். பத்தில் ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டினாலும் அதுதான் வரும்.

இட அளவு

கணக்கு எளிது. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி, 320 என்றால் சுமார் 2.4 எம்பி. நாலு நிமிடப் பாட்டு 320இல் 10 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. ஃபிளாக்கில் 25, 30 எம்பி ஆகலாம். 32 ஜிபி பிளேயரில் 320 எம்பி3 பாட்டுகள் சுமார் 3,000, ஃபிளாக் என்றால் சுமார் 1,000 அடங்கும். 1998இல் வந்த ரியோ பிஎம்பி300 என்ற பிளேயரில் இருந்தது 32 எம்பிதான். 128இல் சுருக்கினாலும் அரை மணி நேரப் பாட்டு. 2001 அக்டோபரில் முதல் ஐபாட் 5 ஜிபியோடு வந்தபோது ‘ஆயிரம் பாட்டு சட்டைப்பையில்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். இன்று அடிப்படை மாடலிலேயே அதைவிட அதிகம். அந்த ஐபாட் வரிசையையே ஆப்பிள் 2022 மே மாதம் நிறுத்திவிட்டது. பழைய ஐபாட்டுக்காக ஏங்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். வாங்கினால் மின்கலம் புதிதாக மாற்றியதா என்று கேட்டு வாங்குங்கள்.

மைக்ரோ எஸ்டி கார்டு போடும் இடம் இருந்தால் நல்லது. ஆனால் பிளேயர் அதிகபட்சம் எத்தனை ஜிபி கார்டை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். சில பிளேயர்கள் 32 ஜிபிக்கு மேல் ஏற்காது, சில 128 வரை, சில இன்னும் அதிகம். போலி கார்டுகளும் சந்தையில் நிறைய. 512 என்று எழுதியிருக்கும், உள்ளே 16தான் இருக்கும். முதல் சில நூறு பாட்டு வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். அப்புறம் பாட்டின் பெயர் இருக்கும், அழுத்தினால் சத்தமே வராது. கார்டின் உண்மையான அளவைச் சோதிக்கும் இலவச நிரல்கள் இருக்கின்றன. புதிய கார்டை ஒருமுறை அதில் ஓட்டிவிட்டுப் பாட்டை ஏற்றுவது நல்லது.

காது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது, காக்லியா என்று பெயர். அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுவது அவைதான். பலத்த சத்தம் அவற்றை நசுக்கிவிடும். தோலோ எலும்போ போல அவை மீண்டும் வளர்வதில்லை. 14 வயதில் போனால் போனதுதான். அதுவும் ஒரே நாளில் தெரியாது. முதலில் உச்ச ஒலிகள் போகும். கூட்டத்தில் யாராவது பேசினால் புரியாது. அதை உணரும்போது வருஷங்கள் ஆகியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து பாதுகாப்பான ஒலி அளவுக்கு ஒரு வரையறை கொடுத்திருக்கின்றன. பெரியவர்களுக்கு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு: 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். டெசிபல் கணக்கு நாம் பழகிய கணக்கு போல இருக்காது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும், கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 80இல் 40 மணி என்றால் 83இல் 20 மணி. 90இல் வாரத்துக்கே 4 மணி நேரம். 100ஐ எட்டினால் சுமார் 20 நிமிடம். ஐந்தாறு பாட்டிலேயே அந்த வாரத்துக்கான கணக்கு முடிந்துவிடும்.

அதனால் பிளேயரில் ஒலி வரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புகளுக்குள் ‘வால்யூம் லிமிட்’ என்று இருக்கும். சிலவற்றில் ரகசிய எண்ணும் வைக்கலாம். ஐரோப்பாவில் விற்கும் பிளேயர்கள் 85 டெசிபலைத் தாண்டும்போது எச்சரிக்கை காட்டியாக வேண்டும் என்ற விதி இருப்பதால், அந்த எச்சரிக்கை பல பிளேயர்களில் ஏற்கெனவே இருக்கும். பிள்ளை அதை எரிச்சலோடு தட்டிவிடும். அது ஏன் வருகிறது என்று ஒருமுறை உட்கார வைத்துச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். அக்கா மகளிடம் அந்த மயிர்ச் செல்களின் நுண்ணோக்கிப் படத்தைக் காட்டினேன். ஒன்றில் வரிசையாக நிற்கின்றன, இன்னொன்றில் புயல் அடித்த தோப்பு மாதிரி சாய்ந்து கிடக்கின்றன. வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. வரம்பை அவளே வைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் ஒலியைக் கூட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் வெளிச்சத்தம்தான். பேருந்தில் இரைச்சல், அதை மறைக்க ஒலி ஏறுகிறது. காதுத் துளையை நன்றாக அடைக்கும் சிலிக்கான் முனை உள்ள இயர்போனைக் கொடுத்தால் வெளிச்சத்தம் குறையும், பாட்டைத் தாழ்ந்த ஒலியிலேயே கேட்கலாம். பெட்டியில் மூன்று அளவில் முனைகள் இருக்கும். பிள்ளையின் காதுக்கு எது சரியாக உட்காருகிறது என்று மூன்றையும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் மாட்டி வந்த நடுத்தர அளவிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் காதை நன்றாக அடைக்கிற அதே இயர்போன் சாலையில் ஆபத்து. நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் கழற்றிவிட வேண்டும். இதில் பேரமே கிடையாது.

ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசினால் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் ஒலி அதிகம் என்று கொள்ளலாம். இறுக அடைக்கும் இயர்போனுக்கு இந்தச் சோதனை அவ்வளவு பொருந்தாது. பாட்டை நிறுத்திய பிறகு காதில் ‘ங்ஙொய்’ என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அன்றைக்குக் காதுக்கு ஓய்வு வேண்டும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கம்பியா, ப்ளூடூத்தா?

கம்பி இயர்போன் சார்ஜ் கேட்காது, பிளேயரின் மின்கலத்தையும் அதிகம் குடிக்காது. ப்ளூடூத் வசதியானது, ஆனால் தொலையும். பிள்ளைக்கு எது பிடிக்குமோ அது. ‘ப்ளூடூத் உண்டு’ என்று எழுதியிருந்தால், அது ஒலியை வெளியே அனுப்புமா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒலியைப் பெற மட்டும் தெரிந்த, அனுப்பத் தெரியாத கருவிகளும் உண்டு. ப்ளூடூத் 5.0, 5.3 என்ற எண்ணைப் பார்த்து ஒலித் தரத்தை முடிவு செய்ய முடியாது. அதைத் தீர்மானிப்பது எந்த முறையில் சுருக்கி அனுப்புகிறது என்பதுதான். எஸ்பிசி என்ற அடிப்படைச் சுருக்க முறை எல்லாக் கருவியிலும் இருக்கும். ஏஏசி, எல்டிஏசி போன்றவை இரண்டு பக்கமும் இருந்தால்தான் வேலை செய்யும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

பட்டன்கள் பைக்குள் இருக்கும்போதே தடவிப் பார்த்து அழுத்துகிற மாதிரி இருக்கின்றனவா? பாட்டை மாற்ற ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்துத் திரையைப் பார்க்க வேண்டியிருந்தால் கைபேசிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிளேயர் விளம்பரங்களில் யாரும் பெரிதாகப் பேசாத விஷயம் இது. தினமும் பயன்படுத்தும்போது இதுதான் முதலில் தெரியும்.

திரையில் பாட்டின் பெயர் எப்படி வருகிறது என்பதும் அப்படித்தான். மலிவான பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இருக்காது. தமிழில் பெயரிட்ட பாட்டுகள் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரியும். சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வாங்கும் முன் சோதிக்க முடிந்தால் தமிழில் பெயரிட்ட ஒரு கோப்பை ஏற்றிப் பாருங்கள். முடியாவிட்டால் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதுதான் வழி.

பாட்டின் வரிசை குலைவது இன்னொரு பழைய தொல்லை. 1, 10, 11, 2 என்று ஓடும். எண்களை 01, 02 என்று ஆரம்பித்தால் சரியாகிவிடும். கோப்புக்குள் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் என்று எழுதி வைக்கும் குறிப்புகளுக்கு டேக் என்று பெயர். பிளேயர் பார்ப்பது கோப்பின் பெயரையல்ல, பெரும்பாலும் இதைத்தான். டேக் தாறுமாறாக இருந்தால் ஒரே ஆல்பம் நாலு ஆல்பமாகப் பிரிந்து தெரியும். எம்பி3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிகார்ட் போன்ற இலவச நிரல்களால் கணினியில் இதைச் சீராக்கலாம். பிள்ளைகளுக்கு இந்த வேலை ஆச்சரியமாகப் பிடித்துவிடுகிறது. அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 200 பாட்டுக்கும் அட்டைப்படம் போட்டு முடித்தாள்.

மின்கலம் எத்தனை மணி நேரம் வரும் என்று அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் திரை அணைந்த நிலையில், கம்பி இயர்போனில், எம்பி3 ஓட்டிப் பார்த்த கணக்கு. ப்ளூடூத்தும் ஃபிளாக்கும் சேர்ந்தால் அது நன்றாகவே குறையும். சார்ஜ் செய்யும் துளை யுஎஸ்பி-சியாக இருந்தால் வீட்டில் இருக்கும் கேபிளே போதும்.

நிறுவனங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1979இல் கேசட் பிளேயராக ஆரம்பித்த சோனியின் வாக்மேன் பெயர் இன்றும் டிஜிட்டல் பிளேயர்களில் இருக்கிறது. ஃபியோ, ஹைபை, ஷான்லிங் ஆகிய நிறுவனங்கள் சின்னதிலிருந்து பெரியது வரை பலவிதமாகச் செய்கின்றன. அஸ்டெல் அண்ட் கெர்ன் விலை மிக அதிகம், பிள்ளைக்குத் தேவையில்லை. பெயரே இல்லாத பிளேயர்களை நான் ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன், பாட்டை ஒழுங்காகப் பாடும் சில இருக்கின்றன. ஆனால் பழுதானால் கேட்க ஆள் இருக்காது.

வாங்கியவுடன் பெட்டியைப் பத்திரமாக வைத்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பிள்ளையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். பிள்ளை உண்மையில் பயன்படுத்தப் போகும் இயர்போனையே மாட்டுங்கள். பாட்டு மாறும் இடத்தில் இடைவெளி வருகிறதா? நிறுத்திவிட்டு மறுநாள் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? கடைசியாக, இரவு வீடு அடங்கிய பிறகு ஒலியை 1இல் வைத்துக் கேளுங்கள். சில பிளேயர்களில் மிகக் குறைந்த படியே படுக்கையில் கேட்க முடியாத அளவுக்குச் சத்தமாக இருக்கும். 0இல் வைத்தால் ஒன்றும் கேட்காது, 1இல் வைத்தால் காதைக் குத்தும், இரண்டுக்கும் நடுவே எதுவுமே இருக்காது. அப்படி இருந்தால் யோசிக்காமல் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.